சிவந்துபோன ஜிமிக்கி: கரைசலைச் சரிசெய்வதா, புதிதாக வாங்குவதா, வெளியே கொடுத்துவிடுவதா?

போன தை மாதம் பன்னிரண்டு ஜோடி ஜிமிக்கிக்கு ஒரே நாளில் தங்க முலாம் போட்டேன். ஆறு ஜோடி வெள்ளி, ஆறு ஜோடி பித்தளை. வெள்ளி ஜிமிக்கிகள் கரைசலைவிட்டு வெளியே வரும்போதே காப்பித்தூள் தூவினதுபோல் பழுப்பாக இருந்தன. பித்தளை ஜிமிக்கிகளோ பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத மஞ்சள். சரி, பாதியாவது தேறியது என்று பெட்டியில் அடுக்கி வைத்தேன். மூன்று வாரம் கழித்து ஒருவருக்குக் காட்டத் திறந்தால், அந்த நல்ல ஆறு ஜோடியிலும் அங்கங்கே செம்புச் சிவப்பில் புள்ளிகள்.

இரண்டும் ஒரே நோய் என்று நினைத்தேன். கரைசல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, புது பாட்டில் வாங்கினேன். அதில் போட்ட அடுத்த பித்தளை வரிசையும் அதேபோல் சிவந்தது. பணம் போன பிறகுதான், எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பத்தரிடம் இரண்டு ஜிமிக்கிகளையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. "தண்ணியில இருந்து எடுக்கும்போதே இப்படியா, இல்ல பொட்டியில வச்சப்புறம் மாறுச்சா அம்மணி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் என்னையே முதலில் கேட்டிருந்தால் ஒரு பாட்டில் காசு மிச்சமாகியிருக்கும்.

எடுக்கும்போதே நிறம் தவறியிருந்தால் கோளாறு கரைசலிலோ மின்சாரத்திலோ கழுவியதிலோ இருக்கிறது. நாள் கழித்து மாறினால் கோளாறு தங்கத்துக்குக் கீழே இருக்கிறது. முதலாவதற்குக் கரைசலைப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு உலகத்திலேயே விலை கூடிய கரைசலை வாங்கினாலும் பயன் இல்லை. எந்த வழியில் போவது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. என்னைப்போல் வீட்டிலேயே ஒரு லிட்டர் பீக்கர், சின்ன ரெக்டிஃபையர் (வீட்டு மின்சாரத்தை ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக மாற்றும் பெட்டி), ஹாட் பிளேட் வைத்துக்கொண்டு கைவேலை நகை செய்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று. நிறம் சரியில்லை என்று முடிவு செய்வதற்கு முன் நகையைக் காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். மஞ்சள் எல்.இ.டி. பல்புக்குக் கீழே எல்லா முலாமும் 22 கேரட். வெள்ளை டியூப்லைட்டில் அதே நகை எலுமிச்சை. ஒரு தடவை நான் சரியாக வந்த நான்கு தோடுகளைத் தேய்த்துக் கழித்திருக்கிறேன். குற்றம் பல்பினுடையது.

இருக்கும் கரைசலைச் சரிசெய்வது

செலவு குறைந்த வழி இது. பாதி நேரம் இதுவே போதும். ஆனால் எந்தப் பாதி என்று தெரிய வேண்டும்.

முதலில் பழுப்பு. நகையை ஈரமாக்கி, விரல் நுனியில் சமையல் சோடாவைத் தொட்டு மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். என் வெள்ளி ஜிமிக்கியில் அப்படிச் செய்தபோது பழுப்பு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் பளிச்சென்று மஞ்சள். வோல்ட் அதிகம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. மின்சாரம் தேவைக்கு மேல் போனால் தங்கம் பளபளப்பாகப் படியாமல் பொடிபோல் படிகிறது. ஓரங்களிலும் கூரான இடங்களிலும் முதலில் கருகும். ஜிமிக்கியின் கீழ் விளிம்பில் தொங்கும் முத்துக் குண்டுகள்தான் முதல் பலி. வோல்ட்டைக் குறைத்து, மெல்லிய பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, மறுபடி சில வினாடிகள் தோய்த்தால் சரியாகிவிடும். பூந்திக்கொட்டை என்றதும் பழங்காலம் என்று நினைக்க வேண்டாம். பிரஷ் வழுக்கிக்கொண்டு ஓட அதன் நுரைதான் எனக்குத் தோதாக இருக்கிறது.

வெளிறிப்போனால் எதிர்த் திசையில் தேடுங்கள்: சூடு குறைவு, மின்சாரம் குறைவு, அல்லது கரைசலில் தங்கமே குறைவு. சாயத் தோய்ப்புக் கரைசல்கள், அதாவது நிறத்துக்காக மட்டும் மெலிதாகத் தங்கம் ஏற்றுபவை, பெரும்பாலும் 55 முதல் 65 டிகிரி வரையான சூட்டில் வேலை செய்யும்படி செய்யப்படுகின்றன. சூடு ஏற ஏற நிறம் அடர்த்தியாகும், இறங்க இறங்க வெளுக்கும். ஒரு லிட்டர் பீக்கர் ஹாட் பிளேட்டில் இருந்து இறக்கி வைத்த சில நிமிடங்களிலேயே சூட்டை இழந்துவிடும். முதல் தோடும் பன்னிரண்டாவது தோடும் வேறு வேறு நிறமாக வருவதற்கு என் வீட்டில் பல மாதங்கள் இதுதான் காரணம். தெர்மாமீட்டரை உள்ளேயே தொங்கவிட்ட நாளிலிருந்து அந்தச் சிக்கல் இல்லை.

திட்டுத் திட்டாக வந்தால் கரைசலைத் தொடவே வேண்டாம். நகை சரியாகக் கழுவப்படவில்லை. பாலிஷ் போட்ட சோப்பு, விரல் எண்ணெய், கண்ணிகளுக்குள் சிக்கிய வெங்காரத் துணுக்கு என்று ஏதாவது ஒன்று. கழுவிய நகையைத் தண்ணீரில் முக்கித் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் முழு மேற்பரப்பிலும் ஒரே தாளாக வழிந்தால் சுத்தம். எங்காவது தாள் கிழிந்து தண்ணீர் சொட்டுகளாகத் திரண்டால் அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது, அங்கே முலாம் பிடிக்காது. மைக்ராஸ்கோப்பும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். பத்து வினாடி வேலை. நான் இப்போது இதைச் செய்யாமல் ஒரு மூக்குத்தியைக்கூடத் தோய்ப்பதில்லை.

கழுவும் தண்ணீரும் சேலத்துக்காரர்களுக்கு ஒரு தனிப் பாடம். ஊருக்கு வடக்கே சுண்ணாம்புக்கரடு என்று ஒரு குன்றுத்தொடர் இருக்கிறதே, பெயர்தான் சுண்ணாம்பு, உள்ளே இருப்பது மேக்னசைட் என்ற மக்னீசியத் தாது. எங்கள் வீட்டு போர் தண்ணீரைக் கெட்டிலில் நான்கு நாள் காய்ச்சினால் அடியில் வெள்ளைப் பொருக்குத் தட்டும். அந்தத் தண்ணீரில் கடைசியாக அலசிக் காயவைத்த நகையில் மேகம்போல் வெள்ளைத் திட்டு வராமல் வேறென்ன வரும்? காவிரித் தண்ணீர் பரவாயில்லை. ஆனால் தோய்ப்பதற்கு முந்தைய கடைசி அலசலுக்கும், தோய்த்த பிறகான கடைசி அலசலுக்கும், கரைசலில் ஆவியான அளவை ஈடுகட்டவும் வாலை வடித்த தண்ணீர் மட்டும்தான். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் கேனே போதும். லேபிளில் டிஸ்டில்டு அல்லது மினரல் நீக்கியது என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கழுவியதா, கரைசலா என்று தீரவில்லை என்றால் ஒரு சோதனை. நன்றாகப் பாலிஷ் போட்ட சின்ன வெள்ளித் தகட்டை ஆங்கில எல் எழுத்துபோல் மடித்துத் தோய்த்துப் பாருங்கள். ஆனோடுக்கு, அதாவது ரெக்டிஃபையரின் நேர்முனையில் மாட்டிய தகட்டுக்கு, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி அதிக மின்சாரம் வாங்கும். மடிப்பின் உள்மூலை குறைவாக வாங்கும். ஒரே தகட்டில் கருகலும் வெளிறலும் நடுவில் நல்ல நிறமும் தெரிந்தால் கரைசல் ஆரோக்கியமாக இருக்கிறது, வோல்ட்டைத்தான் சரிசெய்ய வேண்டும். நல்ல நிறம் எங்குமே வரவில்லை என்றால் கரைசல் போய்விட்டது. பெரிய பட்டறைகளில் 267 மில்லி கொள்ளும் ஹல் செல் என்ற சரிவான பெட்டியில் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

இனி சரிசெய்ய முடியாத பாதி. தகடு முழுக்கச் சிவப்பு அடித்தால் கரைசலுக்குள் செம்பு இறங்கியிருக்கிறது. ரோஸ் கோல்டு கரைசல் என்று கடையில் விற்பதே தங்கத்தோடு செம்பு சேர்த்ததுதான். நாம் அதைத் தெரியாமல் இலவசமாகத் தயாரிக்கிறோம். என் பீக்கரைக் காலி செய்தபோது அடியில் ஒரு பித்தளைக் காதுக் கொக்கி கிடந்தது. எத்தனை வாரமாக ஊறியதோ! அதைவிட மோசம், நகையைத் தொங்கவிடும் செம்புக் கம்பி. மின்சாரம் ஓடாதபோது அந்தக் கம்பியை உள்ளே விட்டுவைத்தால், தங்க முலாமுக்குப் பழக்கமான சயனைடு கரைசல் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அதனால்தான் மின்சாரத்தைப் போட்டுவிட்டு நகையை இறக்க வேண்டும், எடுத்த பிறகுதான் நிறுத்த வேண்டும் என்பார்கள். நிக்கல் கலந்தால் வெளிறும், வெள்ளி கலந்தால் பச்சை ஓடும்.

இதற்குக் கரித்தூள் (ஆக்டிவேட்டட் கார்பன்) போட்டு வடிகட்டினால் சரியாகும் என்று பலர் சொல்வார்கள். எண்ணெய், பாலிஷ் சோப்பு போன்ற அழுக்குக்குத்தான் கரி உதவும். செம்பை அது எடுக்காது. அதோடு ஒரு வேடிக்கை உண்டு. தங்கச் சுரங்கங்களில் சயனைடு கரைசலில் இருந்து தங்கத்தைப் பிடிப்பதே இந்தக் கரியை வைத்துத்தான். அழுக்கை எடுக்கப் போட்ட கரி உங்கள் தங்கத்திலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகும். போட்டே தீர வேண்டுமென்றால் கொஞ்சமாகப் போட்டு, வடிகட்டிய கரியைக் குப்பையில் கொட்டாமல் எடுத்து வையுங்கள்.

கரைசல் எவ்வளவு நாள் வரும் என்பதற்கு ஒரு கணக்கு. என் ஜிமிக்கி ஒரு ஜோடியின் மேற்பரப்பு, உள்ளும் புறமும் சேர்த்து, சுமார் 30 சதுர செ.மீ. தங்கத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 19.3 கிராம். அப்படியானால் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்கு 58 மில்லிகிராம் தங்கம். சாயத் தோய்ப்பில் ஏறும் 0.1 மைக்ரானுக்கு 6 மில்லிகிராம். லிட்டருக்கு 1 கிராம் தங்கம் இருக்கும் கரைசலில் ஐம்பது ஜோடி போட்டால் 300 மில்லிகிராம் போயிருக்கும். ஆனோடு பிளாட்டினம் பூசிய டைட்டானியம் என்றால் அதிலிருந்து ஒரு துளி தங்கமும் திரும்பி வராது. ஐம்பது ஜோடிக்குப் பிறகு நிறம் தடுமாறுவது கரைசல் கெட்டுப்போனதால் அல்ல, தங்கம் தீர்ந்து வருவதால். அப்போது அதே நிறுவனத்தின் ஈடுசெய்யும் கரைசலைச் சேர்த்தால் உயிர் வரும். எத்தனை ஜோடி போட்டோம் என்று பீக்கர் பக்கத்தில் ஒரு நோட்டில் கோடு போட்டு வந்தால் தெரிந்துவிடும்.

புதுக் கரைசல் வாங்குவது

மேலே சொன்ன எல் தகட்டுச் சோதனையில் தோற்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். வந்துவிட்டால் முதல் கேள்வி சயனைடா, சயனைடு இல்லாததா என்பது.

நிறத்துக்காக மட்டும் என்றால் சயனைடுதான் கை பழகியது. மன்னிக்கும் குணமும் அதற்கு உண்டு. கோல்டு சால்ட் என்று விற்கும் பொட்டாசியம் கோல்டு சயனைடில் எடைக்கு 68 சதவீதம் தங்கம். ஆனால் வீட்டில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நகையை அமிலத்தில் போட்டுவிட்டுச் சரியாக அலசாமல் அப்படியே சயனைடு கரைசலுக்குள் இறக்கினால் எழும் வாயு ஆளைக் கொல்லும். சமையலறைக்குப் பக்கத்து அறையில், பிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டில், அந்தப் பாட்டிலை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சயனைடு இல்லாத சல்ஃபைட் கரைசலில் அந்தப் பயம் இல்லை. ஜிமிக்கியின் உட்குடை, கண்ணிகளின் இடுக்கு போன்ற மறைவான இடங்களிலும் அது சீராகப் படிகிறது. கைவேலை நகைக்கு இது பெரிய வரம். குறை என்னவென்றால் அது தொட்டால்சிணுங்கி. காரத்தன்மை குறைந்தாலோ, அலசாத நகையோடு அமிலம் உள்ளே வந்தாலோ உடைந்துவிடும். கந்தக நெடி அடிக்கும். தங்கம் கறுப்புப் பொடியாக அடியில் இறங்கிவிடும். வைத்திருக்க வைத்திருக்க அதன் வலுவும் குறையும். மாதம் ஒருமுறை தோய்ப்பவர் ஒரு லிட்டர் வாங்கிவைத்துப் பாதியைக் கெடுப்பதைவிட, கால் லிட்டர் வாங்கித் தீர்ப்பது புத்திசாலித்தனம்.

எந்தக் கரைசலானாலும் "22 கேரட் கலர்" என்று கேட்டு வாங்காதீர்கள். ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு 22 கேரட். தங்க நிறத்துக்கு உலக அளவில், ஆங்கில எழுத்தான N போட்டுக் குறிக்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது: 2N வெளிர்மஞ்சள், 3N மஞ்சள், 4N இளஞ்சிவப்பு, 5N சிவப்பு. பாட்டிலில் இது போட்டிருந்தால் அதைப் பார்த்து வாங்கலாம். நம் ஆட்களுக்குப் பிடித்த மஞ்சள் தூக்கலான நிறத்துக்குச் சுத்தத் தங்கக் கரைசலே பக்கத்தில் வரும்.

கீழே இருக்கும் அடுக்கை மாற்றுவது

நாள் கழித்துச் சிவந்த பித்தளை ஜிமிக்கிக்கு மருந்து இங்கேதான்.

தங்கம் மெலிதாக இருந்தால் அது மூடி அல்ல, சல்லடை. பித்தளையில் இருக்கும் செம்பு அந்தத் தங்கத்துக்குள் ஊடுருவி மேலே வந்துவிடும். வந்ததும் காற்றிலும் வியர்வையிலும் நிறம் மாறும். வெள்ளியும் இதையே செய்யும். வெள்ளி மேலே வந்தால் கந்தகம் பட்டுக் கறுக்கும். ஓரங்களில் இருந்து கறுப்பு ஊர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலும் வியர்வையுமான சேலத்துச் சித்திரையில் இது வேகமாக நடக்கும். ஏற்காட்டில் கோடை விழா சமயத்தில் வியாபாரத்துக்குக் கொண்டுபோய் வைத்த சரக்கு, பனியும் ஈரமுமாக இருந்த இரண்டு வாரத்தில் மங்கியதையும் பார்த்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனது நிறம் மாறிய தோடுகளைத் திருப்பிக் கொண்டுவரத்தான் என்று வீட்டில் இன்னும் கிண்டல் செய்கிறார்கள்.

ஊடுருவலைத் தடுக்க நடுவில் ஒரு சுவர் வேண்டும். விலை மலிவும் பளபளப்பும் நிக்கலுக்கு. பித்தளைக்கு மேல் செம்பு, அதற்கு மேல் நிக்கல், அதற்கு மேல் தங்கம் என்பது பழக்கமான வரிசை. பற்றவைத்த பொடியின் (சால்டரின்) கோடு தங்கத்துக்கு அடியில் தெரிவதையும் அந்தச் செம்பு அடுக்கு மறைத்துவிடும். ஆனால் நிக்கல் பலருக்கு ஒவ்வாது. காது மடல் சிவந்து நமைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது: தோலில் நீண்ட நேரம் பட்டுக்கொண்டிருக்கும் நகையில் இருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது. காது குத்திய துளைக்குள் போகும் கம்பிக்கு அது 0.2. அதனால் ஒட்டியாணத்துக்கும் சட்டை பட்டனுக்கும் நிக்கல் போட எனக்கு ஆட்சேபம் இல்லை. காதுக்கும் மூக்குக்கும் போடமாட்டேன்.

பல்லேடியம் நல்ல சுவர், ஒவ்வாமைத் தொல்லையும் குறைவு, விலைதான் தொட்டால் சுடும். செம்பும் தகரமும் துத்தநாகமும் கலந்த வெள்ளை வெண்கலம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நிக்கல் வேண்டாம் என்பவர்களுக்கு இதுதான் நடைமுறையில் கட்டுபடியாகும். இவற்றை வீட்டில் செய்ய முயல வேண்டாம். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு தொட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அலசல். ஒரு சொட்டு கலந்தாலும் தங்கக் கரைசல் போச்சு.

அல்லது சுவரே கட்டாமல் தங்கத்தைக் கனமாக்கலாம். அமெரிக்காவில் வெர்மெய் என்று பெயர் சொல்லி விற்க, அடியில் 92.5 வெள்ளியும் மேலே 2.5 மைக்ரான் தங்கமும் இருக்க வேண்டும். நம் ஜிமிக்கி ஜோடிக்கு அது 145 மில்லிகிராம். நம் கணக்கில் ஒரு குன்றிமணியைவிடக் கொஞ்சம் கூட. லிட்டருக்கு ஒரு கிராம் உள்ள சாயக் கரைசலில் இதைப் போட முயன்றால் ஏழாவது ஜோடி முடிவதற்குள் தங்கமே தீர்ந்துவிடும். அதற்கு வேறு கரைசல், வேறு நேரம். ஒரு சதுர டெசிமீட்டருக்கு அரை ஆம்பியர் வைத்து, மின்சாரம் முழுதும் தங்கமாகவே மாறினால்கூட, நிமிடத்துக்குச் சுமார் 0.3 மைக்ரான்தான் ஏறும். பத்து வினாடி முக்கி எடுத்துவிட்டு "மைக்ரோ பிளேட்டிங்" என்று சொல்பவர்களை இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பாருங்கள்.

இன்னொரு புள்ளிநோய் உண்டு. அதை ஊடுருவல் என்று எண்ணி ஏமாறக் கூடாது. உள்ளே கூடாக இருக்கும் குண்டுகள், அரும்புகள், இரண்டு அரைக்கோளத்தைச் சேர்த்துப் பற்றவைத்த மணிகள் இவற்றுக்குள் அமிலமோ கரைசலோ ஊசித்துளை வழியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலைந்து நாள் கழித்துப் பற்றவைத்த கோட்டின் ஓரமாக மெல்லக் கசிந்து கறை பிடிக்கும். கறை எப்போதும் அதே கோட்டில் வந்தால் இதுதான். பத்தர் சொன்ன மாற்று எளிது: பற்றவைக்கும் முன்னாலேயே குண்டில் தெரியும்படி இரண்டு துளை போட்டுவிடுவது. ஒன்றில் தண்ணீர் போனால் இன்னொன்றில் காற்று வரும். அப்புறம் வெந்நீரில் இரண்டு முறை அலசி, இளஞ்சூட்டில் நன்றாக உலர்த்திவிட்டால் உள்ளே எதுவும் தங்காது.

மேலே ஒளிபுகும் லேக்கர் அடிப்பது, பிரஷ்ஷில் தொட்டுப் பூசும் பேனா பிளேட்டிங், வெற்றிடத்தில் செய்யும் பி.வி.டி. இவற்றையும் விசாரித்தேன். லேக்கர் சில மாதங்களில் தானே நிறம் மாறுகிறது. பேனா, தேய்ந்த இடத்தை ஒட்டுப்போட மட்டும். பி.வி.டி. சூட்டுக்கு அரக்கு வைத்துப் பதித்த கெம்புக்கல் நகை தாங்காது. மூன்றையும் தள்ளிவிட்டேன்.

வெளியே கொடுப்பது

செவ்வாய்ப்பேட்டையும் கடைவீதியும் இருக்கும் ஊரில் முலாம் போட ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்போன இடம், பாலிஷும் பிளேட்டிங்கும் கூடவே வளர்ந்திருக்கின்றன. தனித்தனித் தொட்டி, வடிகட்டி, சூடு காட்டும் கருவி, அனுபவப்பட்ட கை எல்லாம் அங்கே இருக்கும். நமக்குச் சயனைடும் வேண்டாம், கழிவும் வேண்டாம்.

ஆனால் முதல் முறை நான் கொடுத்த ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) நகைகள் எலுமிச்சை மஞ்சளாகத் திரும்பி வந்தன. கனமான வளையல்களோடு ஒரே கம்பியில் என் தோடுகளையும் கோத்துத் தோய்த்திருக்கிறார்கள். நான் சொன்னதும் "கோல்டு கலர் போடுங்க" என்று மட்டும்தான். பாதித் தவறு என்னுடையது.

இப்போது நான் வேறொரு கடைக்குப் போகிறேன். போகும்போது நிறம் பிடித்த பழைய தோடு ஒன்றைக் கையில் கொண்டுபோய் "இந்த நிறம் தம்பி" என்று கொடுத்துவிடுவேன். எந்த அடுக்குக்கு மேல் எது, தங்கம் எத்தனை மைக்ரான் என்பதைச் சீட்டில் எழுதிக் கேட்பேன். "மைக்ரான்லாம் யாரு அக்கா கேக்குறாங்க" என்று கடைத் தம்பி சிரித்தார், பிறகு எழுதிக் கொடுத்தார். முதலில் இரண்டே ஜோடி மாதிரிக்கு. அதை மூன்று வாரம் போட்டுப் பழகிய பிறகுதான் மீதி.

வெள்ளியின் மேல் நேராகத் தங்கம் மட்டும் போடச் சொன்னால், சரியாகப் போட்டார்களா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மில்லிகிராம் காட்டும் சின்னத் தராசு போதும். பாலிஷ் முடித்து நன்றாக உலர்ந்த ஜிமிக்கியை எடை போட்டுக் கொடுத்து, திரும்பி வந்ததும் எடை போடுங்கள். 2.5 மைக்ரான் கேட்டால் ஒரு ஜோடிக்கு 140 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் ஏறியிருக்க வேண்டும். 20, 30 மட்டும் ஏறியிருந்தால் பேச வேண்டிய பேச்சு வேறு. அங்கே மறுபடி பாலிஷ் போட்டால் கொஞ்சம் தேயும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் நிக்கலோ வெண்கலமோ போட்டால் இந்த எடைக் கணக்கு உதவாது.

வெளியே கொடுப்பதில் உள்ள உண்மையான நஷ்டம் நேரம்தான். ஒரு கல்யாண ஆர்டருக்கு ஒற்றை நெற்றிச்சுட்டி மட்டும் பாக்கி இருக்கும்போது, அதற்காகத் தொட்டியைச் சூடாக்க எந்தக் கடையும் காத்திருக்காது. மூன்று நாள் ஆகும், முகூர்த்த மாதத்தில் வாரமாகும்.

நான் எடுத்த முடிவு

பித்தளை முழுவதும் வெளியே போகிறது: செம்பு, வெள்ளை வெண்கலம், அதற்கு மேல் அரை மைக்ரான் தங்கம். கூலி கூடுதல்தான், அதைத் தோட்டின் விலையில் ஏற்றிவிட்டேன், வாங்குபவர்கள் முணுமுணுக்கவில்லை. காதுக்குள் போகும் கம்பியை மட்டும் பித்தளையில் செய்வதை விட்டுவிட்டேன். எல்லாக் கம்பியும் இப்போது வெள்ளி. பற்றவைக்காமல், பிளேட்டிங் முடிந்து வந்த பிறகு வளையத்தில் கோத்துவிடுகிறேன்.

வெள்ளி நகைகளில் கனமான முலாம் கேட்பவர்களுடையதும் வெளியே. மீதி வெள்ளியை, வருடம் இரண்டு விசேஷத்துக்குப் போட்டுப் பெட்டியில் வைப்பவர்களுக்கானதை, வீட்டில் கால் லிட்டர் சல்ஃபைட் கரைசலில் நானே தோய்க்கிறேன். சொல்லித்தான் விற்கிறேன்: இது சாயத் தோய்ப்பு, மங்கினால் கொண்டுவாருங்கள், மறுபடி தோய்த்துத் தருகிறேன். வாரத்துக்குப் பத்து ஜோடிக்குள் செய்பவர்களுக்கு இந்தக் கலவை ஒத்துவரும் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் போகிறவர்கள், வெள்ளியோ பித்தளையோ, பீக்கரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மொத்தத்தையும் வெளியே கொடுப்பதே லாபம். கரைசலைப் பராமரிக்கும் நேரத்தில் இன்னும் நான்கு ஜிமிக்கி செய்துவிடலாம்.

செம்பு இறங்கிய அந்தப் பழைய கரைசல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சாக்கடையில் ஊற்றவில்லை. எங்கள் தெருச் சாக்கடை போய்ச் சேருவது திருமணிமுத்தாற்றில். சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்குள் வரும் அந்த ஆறு ஏற்கெனவே படும் பாட்டைத் தினமும் பாலத்தில் இருந்து பார்க்கிறேன். தவிர அதில் இன்னும் அரை கிராமுக்கு மேல் தங்கம் இருக்கிறது. முதல் அலசல் தண்ணீரையும் அந்தக் கரித்தூளையும் அதனோடு சேர்த்து, பெயரும் தேதியும் விஷம் என்ற சொல்லும் எழுதி ஒட்டி, அமிலப் பாட்டில்களுக்குத் தொலைவில், முன்கட்டுப் பூட்டு அலமாரியில் வைத்திருந்தேன். போன வாரம் பிளேட்டிங் கடைத் தம்பி, தங்களுடைய கழிவோடு சேர்த்துச் சுத்திகரிப்புக்கு அனுப்புவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டார். கிடைக்கும் தங்கத்தைக் கூலியில் கழிப்பதாகப் பேச்சு. எவ்வளவு தேறியது என்று இன்னும் சொல்லி அனுப்பவில்லை. தராசை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை நானே போகிறேன்.